ஷாட்கன் மைக் வாங்கப் போகிறேன்: வெயிலிலும் காற்றிலும் பிடித்தவர்கள் சொல்லுங்கள்

தூத்துக்குடி ஆவணப்படக்காரன்:

என்னிடம் இருப்பவை: சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்பிரீ-6 இரண்டாம் பதிப்பு ரெக்கார்டர், பூமில் (மைக்கை நுனியில் தாங்கும் நீளக் கம்பில்) மாட்ட ஓர் ஆடியோ-டெக்னிகா 4053பி ஹைப்பர்கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகமாகவும் பக்கவாட்டு ஒலியைக் குறைவாகவும் எடுப்பது), இரண்டு வயர்லெஸ் காலர் மைக். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும் பேட்டி என்றால் இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

உப்பளத்தில்தான் இடிக்கிறது. அங்கே பெண்கள் பலகையால் உப்பை வாரிக்கொண்டே பேசுகிறார்கள். காலர் மைக் வைத்தால் அரை மணி நேரத்தில் வியர்வையில் டேப் கழன்று, மைக் துணிக்குள் புரண்டு உரசுகிறது. வெயிலுக்காகச் சேலைக்கு மேல் ஆண் சட்டை வேறு போட்டுக்கொள்வார்கள். இரண்டு துணிக்கு நடுவில் மைக் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூமைக் கொண்டுபோனால், வெள்ளைப் பரப்பு முழுவதும் வேண்டும் என்று கேமராக்காரர் அகலமாக ஃபிரேம் வைத்திருப்பார். மைக் ஐந்தாறு அடி தள்ளித்தான் நிற்க முடியும். அந்தத் தூரத்தில் ஹைப்பர்கார்டியாய்டு, பேச்சோடு சேர்த்து அடுத்த பாத்தியின் டீசல் பம்பையும் தென்மேற்குக் காற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

அதனால்தான் ஷாட்கன் மைக், அதாவது நீளக் குழாய் வைத்து ஒரு திசையைக் குறிபார்க்கும் மைக், தேடுகிறேன். சென்ஹைசர் எம்கேஎச் 416, ஷெப்ஸ் சிஎம்ஐடி 5யு, ரோட் என்டிஜி5 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஷெப்ஸின் விலை 416-ஐப்போல் இரண்டு மடங்கு, ரோடின் விலை ஏறக்குறைய பாதி. விவரக் குறிப்புகள் எல்லாம் படித்தாகிவிட்டது. கையில் பிடித்தவர்களின் அனுபவம்தான் வேண்டும்.

வடபழனி பூம்காரர்:

தம்பி, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷாட்கன் மைக் எதையும் கிட்டே இழுத்து வராது. கேமரா லென்ஸ் போல நினைத்துக்கொண்டு வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு மாதத்தில் முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலிருந்து வரும் சத்தத்தை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் விழும் என்ற கணக்கு எந்த மைக்குக்கும் ஒன்றுதான்.

416-ஐப் பல வருடங்கள் பிடித்திருக்கிறேன். வெளிப்புறத்தில் அது ராஜா. தெருவில் ஆட்டோ போனாலும் நடிகரின் குரல் முன்னால் நிற்கும். ஆனால் அது மன்னிக்காத மைக். இரண்டு பேர் பேசும்போது பூமைத் திருப்பத் தாமதித்தால், அடுத்தவரின் முதல் சொல் பக்கவாட்டில் வந்து விழும். அந்த ஒரு சொல் மட்டும் வேறு அறையில் பேசியதுபோல் இருக்கும். வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு பூம் பிடிக்கும் பழக்கம் எனக்கு 416-ஆல்தான் வந்தது. உங்கள் ஆவணப்படத்தில் வசனமும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது; யார் எப்போது பேசுவார் என்று யாருக்கும் தெரியாது. இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மைக்கை எங்கிருந்து நீட்டுகிறீர்கள் என்பது. ஷாட்கன், பேசுபவருக்குப் பின்னால் அதே கோட்டில் இருப்பதையும் சேர்த்துத்தான் கேட்கும். நெஞ்சு உயரத்தில் நேராக நீட்டினால் பின்னால் ஓடும் பம்பையும் குறிபார்த்ததாகிவிடும். தலைக்கு மேலிருந்து நெஞ்சை நோக்கிச் சாய்த்தால் பின்னால் இருப்பது தரை. உப்புத் தரை பேசாது. ஃபிரேம் அகலம் என்றால் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள், பின்னால் வானம்தான். விமானம் வராதவரை பிழைத்தீர்கள்.

எடையையும் பாருங்கள். 416 என்பது 165 கிராம், சிஎம்ஐடி 89, என்டிஜி5 வெறும் 76. காகிதத்தில் அற்ப வித்தியாசம். முழுதாக நீட்டிய பூமின் நுனியில், காற்றைத் தடுக்கும் கூண்டும் அதன் மேல் போர்த்தும் முடித்துணியும் சேர்ந்து, மதியம் இரண்டு மணிக்கு அது எப்படி இருக்கும் என்று தோள்பட்டைதான் சொல்ல வேண்டும்.

இராமேஸ்வரம் பக்கத்தவன்:

கடலோரம் என்றால் ஒலித்தரத்துக்கு முன்பு ஈரத்தைக் கேளுங்கள்.

நான் உதவியாளனாக இருந்தபோது வாடகைக்கு எடுத்து வந்த ஒரு கன்டென்சர் மைக் (மின்னழுத்தம் கொடுத்த மெல்லிய தகட்டால் ஒலியைப் பிடிப்பது), விடியற்காலைப் படப்பிடிப்பில் பொரிய ஆரம்பித்தது. முதலில் கேபிள் என்று நினைத்து மாற்றினோம். பிறகு ரெக்கார்டரின் வேறு சேனலில் போட்டோம். சடசடப்பு நிற்கவில்லை. இரவெல்லாம் ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த மைக்கை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்; உள்ளே ஈரம் படிந்துவிட்டது. வெயில் ஏறி அது காய்ந்தபோது மைக் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் நாங்கள் எடுக்க வந்த கருக்கல் நேரம் போய்விட்டதே!

காரணம் எளிமையானது. வழக்கமான கன்டென்சரில் தகட்டுக்கு நிலையான மின்னழுத்தம் கொடுத்து, மிக உயர்ந்த மின்தடையில் சமிக்ஞையை எடுக்கிறார்கள். கொஞ்சம் ஈரம் படிந்தாலும் மின்சாரம் கசியும், அந்தக் கசிவுதான் சடசட என்று கேட்கும். 416-இல் வழி வேறு. தகடு ஓர் உயர் அதிர்வெண் சுற்றில் குறைந்த மின்தடையில் வேலை செய்கிறது. அதனால் ஈரக் காற்றை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. என்டிஜி5-ம் என்டிஜி3-ம் அதே முறையில் செய்யப்பட்டவைதான். இந்த ஒரு காரணத்துக்காகவே மீன்பிடித் துறைமுகத்தில் வேலை என்றால் நான் 416-ஐத்தான் எடுக்கிறேன். ஷெப்ஸ் அருமையான மைக், மறுக்கவில்லை. அதன் தகடு பழைய முறையில் இயங்குவது. ஏசி கட்டடத்துக்குள் வேலை செய்பவர் இந்தக் கவலையே படவேண்டாம்.

எந்த மைக்காக இருந்தாலும், காலையில் பெட்டியைத் திறக்காமல் வெளியே ஒரு மணி நேரம் வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பை இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவாளர்:

நான் முதியவர்களின் நாட்டார் பாடல்களைப் பதிவு செய்கிறவன். உள்ளே ஹைப்பர்கார்டியாய்டு, முற்றத்தில் ஷாட்கன் ஒலிவாங்கி என்று பிரித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பாட்டி வீட்டில் நன்றாகக் கேட்டேன். மழை வந்ததால் முற்றத்திலிருந்து விறாந்தைக்கு வந்தோம், அங்கிருந்து அறைக்குள். ஷாட்கனையே தொடர்ந்து பிடித்தோம். அறைக்குள் வந்ததும் பாட்டியின் குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிட்டது.

அந்தக் குழாயின் பக்கத்தில் இருக்கும் வெட்டுகள் வழியாகப் பக்கவாட்டு ஒலி வெவ்வேறு நேரத்தில் உள்ளே நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஷாட்கனின் வித்தை அதுதான். ஆனால் இந்த அழிப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவில் நடக்காது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 3.4 மீட்டர். 25 சென்டிமீட்டர்க் குழாயால் மேல் அதிர்வெண்களைத்தான் பிடித்து நிறுத்த முடியும். அறைக்குள் சுவரும் கூரையும் திருப்பி அனுப்பும் எதிரொலி பக்கவாட்டில் வருகிறது. அது பாதி அரிக்கப்பட்டு நேர்க்குரலோடு கலக்கிறது. அதைத்தான் நாங்கள் தகரச் சத்தமாகக் கேட்டோம்.

இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. டீசல் பம்பின் உறுமல் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். 416 வாங்கினாலும் ஷெப்ஸ் வாங்கினாலும் அந்த உறுமல் உங்கள் ஹைப்பர்கார்டியாய்டில் கேட்டதைவிடப் பெரிதாகக் குறையப் போவதில்லை. பம்பின் மேல் அதிர்வெண் சத்தம், அந்தக் கடகடப்பு, குறையும். கீழ் அதிர்வெண்ணிலும் திசையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சான்கென் சிஎஸ்-3இ என்று ஒன்று உண்டு. ஒரு தகட்டுக்குப் பதில் மூன்றை வரிசையாக வைத்துச் செய்திருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் அதைப் பிடித்த நண்பர் ஒருவர் வேறு எதையும் தொட மறுக்கிறார். விலையைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

நீலகிரியில் பறவை ஒலி சேர்ப்பவள்:

ஒரு வரி. தூரத்தில் இருப்பதைக் கிட்டே கேட்க வேண்டும் என்றால் அதற்குக் குழிவான பரவளையத் தட்டுதான் வழி, அதுவும் பேச்சுக்கு உதவாது. மனிதர்களோடு வேலை செய்பவர்கள் மைக் தானே எழுப்பும் சுய இரைச்சலின் எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடுக்க வேண்டாம். 416-க்கு 13 டெசிபெல், என்டிஜி5-க்கு 10. எனக்கு அந்த 3 டெசிபெல் பெரிய விஷயம், சோலைக்காட்டில் காற்றே அசையாத காலையில். உப்பளத்தில் யாருக்கும் கேட்காது.

கோவை திருமண, விளம்பர ஒலிப்பதிவாளர்:

எல்லாரும் மைக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். தென்மேற்குக் காற்றில் உயிரைக் காப்பாற்றப்போவது காற்றுத்தடுப்புதான். மைக்கோடு கொடுக்கும் பஞ்சு உறை மின்விசிறிக் காற்றுக்கே திணறும். முழுக் கூண்டு, உள்ளே ரப்பர் போன்ற தொங்கல் பிடி, மேலே முடித்துணி எல்லாம் சேர்ந்தால்தான் அது காற்றுத்தடுப்பு. ரைகோட், சினெலா இரண்டில் எதை வாங்கினாலும் ஒரு நடுத்தர மைக்கின் விலை ஆகும். பட்ஜெட்டில் அதை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சப் பணத்தில் மைக் தேடுங்கள். கூண்டில்லாத ஷெப்ஸைவிடக் கூண்டுக்குள் இருக்கும் என்டிஜி5 எவ்வளவோ மேல்.

32-பிட் ஃப்ளோட் (மிக மெல்லிய ஒலியையும் மிகப் பலத்த ஒலியையும் கெடாமல் பதியும் முறை) இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். பதிவின் ஒலி மட்டம் தவறினால் அது காப்பாற்றும். காற்று தகட்டைப் போட்டு அறைந்ததை எந்த ஃப்ளோட்டும் திருத்தாது.

தூத்துக்குடி ஆவணப்படக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வாங்குவதற்கு முன்பு 416-ஐயும் என்டிஜி5-ஐயும் ஒரு வாரக் கடைசிக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று பார்க்கிறேன். ஷெப்ஸ் இங்கே வாடகைக்குக் கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏதாவது முறை உண்டா? ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

வடபழனி பூம்காரர்:

நேராகப் பேசவைத்துக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். முன்பக்கத்தில் நன்றாக ஒலிக்காத மைக்கை எவரும் விற்பதில்லை. பக்கவாட்டைக் கேளுங்கள். மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே அதைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். மைக்கின் தோளைக் கடக்கும்போது குரல் சும்மா தாழ்ந்து போனால் நல்லது. ஒலியின் நிறமே மாறி, சுழன்று, ஓட்டையாகிப்போனால், ஆள் திரும்பிப் பேசும் ஒவ்வொரு முறையும் எடிட்டிங் மேசையில் அழ வேண்டியிருக்கும்.

அடுத்து, உங்கள் 4053பி-யையும் அருகிலேயே வைத்து ஒரே குரலைத் தனித்தனி டிராக்கில் எடுங்கள். வீட்டுக்குள் ஒரு மைக், வெளியே ஒரு மைக் என்று அதே அம்மா பேசும்போது, அடுத்தடுத்த ஷாட்டில் அவர் வேறு ஆளாகத் தெரியக்கூடாது. கொஞ்சம் வித்தியாசத்தைச் சமன்படுத்தலாம். 416-இல் மேல் அதிர்வெண் சற்று எடுப்பாக இருக்கும். கூண்டும் முடித்துணியும் போட்டால் அது தணிந்து சரியாகிவிடும் என்பதால் கூண்டோடுதான் ஒப்பிட வேண்டும். ஷெப்ஸில் இதற்கென்றே 10 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபெல் ஏற்றும் பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி ஆவணப்படக்காரன்:

வாடகைக்கு எடுத்துப் பார்த்தாயிற்று. உப்பளத்தில் வேலை முடியும் நேரம், காற்று நன்றாக ஏறியிருந்தது. இரண்டு மைக்குக்கும் ஒரே கூண்டு, மாற்றி மாற்றிப் போட்டேன்.

யாழ்ப்பாண நண்பர் சொன்னதுபோலவே பம்பின் உறுமல் இரண்டிலும் அப்படியே இருந்தது. ரெக்கார்டரில் கீழ் அதிர்வெண்களை வெட்டும் ‘லோ கட்’ அமைப்பை மேலே ஏற்றிய பிறகுதான் அடங்கியது. கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்தது பெரிய வித்தியாசம்; பலகை உப்பில் உரசும் சரசரப்புகூட அழகாக வந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. 416-இல் குரலுக்கு ஒரு கடினமான விளிம்பு இருக்கிறது. காற்றுக்குள்ளும் சொல் தனியாகத் தெரிகிறது. என்டிஜி5 மென்மை. ஆனால் அந்த அக்காக்கள் பேச்சின் நடுவே தலையைத் திருப்பி அடுத்த பாத்தியில் நிற்பவரிடம் ஏதாவது சொல்வார்கள். அப்போது 416-இல் குரல் சட்டென்று உள்ளே போகிறது, என்டிஜி5 அவ்வளவு தண்டிப்பதில்லை. 4053பி-யோடு ஒட்டுவதும் அதுதான்.

பூம் பிடிப்பது பாதி நாள் நானேதான் என்பதால் எடையும் சேர்ந்து முடிவு செய்துவிட்டது. என்டிஜி5-ஐயும் மிச்சப் பணத்தில் நல்ல கூண்டையும் வாங்குகிறேன். நடிகர்களோடு வேலை வந்தால் 416-ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இராமேஸ்வரம் பக்கத்தவன்:

நல்ல முடிவு. முடித்துணியில் உப்புத்தூள் ஏறி, கடற்காற்றின் ஈரத்தில் விறைத்துக் கட்டியாகிவிடும். பிறகு மேல் அதிர்வெண் மந்தமாகக் கேட்கும், மைக்கைக் குறை சொல்லத் தோன்றும். கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, நாய்க்கு வாரும் கம்பி சீப்பால் வாரிவிடுங்கள். இரண்டு முடித்துணியாக வாங்குங்கள், ஒன்று காயும்போது மற்றொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.