ஆறாத சர்க்கரைப் புண்ணும் ஊசித்துளை ஆபரேஷனும்: எங்கள் பக்கத்து அனுபவங்கள்

நகரியிலிருந்து, ஒரு மகன்

நைனாவுக்குச் சர்க்கரை வந்து 18 வருஷம் ஆகிறது. விசைத்தறிதான் தொழில். நான்கு தறிக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தார் (ஊடுநூல் சுற்றிய குச்சி) மாற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது என்று ஷிப்டு முடிகிற வரை உட்கார நேரமே இருக்காது. ஒரு தை மாசம் வலது கால் இரண்டாவது விரல் நுனியில் காய்ப்பு வந்தது. அதை பிளேடால் சீவிவிட்டார். அது புண்ணாகி, 14 மாதம் ஆறவே இல்லை.

அந்த 14 மாதமும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினோம். களிம்பை மாற்றினோம், மாத்திரையை மாற்றினோம், டாக்டரையும் மாற்றினோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் காலில் எது வந்தாலும் முதலில் புத்தூர்தானே நினைவுக்கு வரும். அங்கே கட்டுப் போடுகிறவர் பார்த்த உடனே, இது எலும்பு முறிவு இல்லை, சர்க்கரைப் புண், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினார். அந்த மனுஷனுக்கு இன்றைக்கும் மனசுக்குள் நன்றி சொல்கிறேன். அடுத்து போன ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், விரலை எடுத்துவிடலாம் என்று பத்தே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். ரத்த ஓட்டம் பார்க்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை. நைனா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அப்புறம்தான் சர்க்கரைக் கால்களை மட்டுமே பார்க்கிற ஒரு டாக்டரைப் பற்றித் தெரிந்தது. அவர் புண்ணைப் பிரிப்பதற்கு முன்னால் செருப்பைக் கேட்டார். ரப்பர் செருப்பை வெளிச்சத்தில் சாய்த்து, இரண்டாவது விரல் பதிகிற இடத்தில் குழி விழுந்திருந்ததைக் காட்டினார். 14 மாதமாக எங்கள் வீட்டு வாசலில் கிடந்த செருப்பு அது. எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அடுத்து ஒரு நைலான் இழையை எடுத்தார். அது வளையும்போது 10 கிராம் அழுத்தம் கொடுக்குமாம். கண்ணை மூடிக்கொண்டு, பட்டதும் சொல்லச் சொன்னார். நூலை விரலில் உருட்டிப் பார்த்தே 60-ஆம் நம்பரா 80-ஆம் நம்பரா என்று சொல்கிறவர் எங்கள் நைனா. அந்த இழை வளைகிற வரை பாதத்தில் அழுத்தியும், "இன்னும் வைக்கலையா சார்?" என்று கேட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

டாக்டர் தெலுங்கும் தமிழும் கலந்து விளக்கினார். சர்க்கரையால் பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் மெலிந்துவிடுகின்றன. கெண்டைக்கால் தசையிலிருந்து விரல் எலும்பு வரை கயிறு மாதிரி வரும் நீளமான நாண்கள் மட்டும் பலமாக இழுக்கின்றன. அதனால் விரல் கொக்கி மாதிரி வளைந்து, நடக்கும்போதெல்லாம் அதன் நுனி தரையில் குத்துகிறது. வலி தெரிந்தால் நாமே காலைத் தூக்கிக்கொள்வோம். மரத்துப் போன கால் என்பதால் குத்திக்கொண்டே இருக்கிறது. மேலே எந்தக் களிம்பு போட்டாலும் கீழே அந்த அடி நிற்காது. நாங்கள் 14 மாதமும் புண்ணுக்கு மட்டுமே வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

காலுக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று, கையில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டார். எலும்புக்குள் சீழ் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்தார். விரலைக் கையால் நிமிர்த்தினார், நிமிர்ந்தது. அப்படியானால் விரலை இழுக்கும் அந்த நாணை வெட்டிவிட ஊசியே போதும் என்றார்.

நான் பக்கத்திலேயே இருந்தேன். கொஞ்சம் மரத்துப் போகிற மருந்து போட்டார். அப்புறம் தடிமனான ஊசி ஒன்று, 18 கேஜ். அதன் சாய்வான முனைதான் கத்தி. விரலுக்கு அடியில் மடிப்பு விழும் இடத்தில் குத்தி, மேலே விரலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே ஊசியை இப்படியும் அப்படியும் அசைத்தார். இறுக்கம் சட்டென்று விட்டது, விரல் நேராயிற்று. தையல் இல்லை. பஞ்சை வைத்து அழுத்தி ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே பஸ்ஸில் நகரிக்குத் திரும்பிவிட்டோம். நாலாவது வாரம் புண் மூடியிருந்தது. அந்த விரலால் இப்போது செருப்பைப் பிடிக்க முடியாது. அதனால் பின்பக்கம் பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுகிறார்.

காட்பாடியிலிருந்து, ஓய்வுபெற்ற நர்ஸ்

தம்பி, நைனாவுக்கு விரல் தப்பியது கேட்டு ரொம்ப சந்தோஷம். இதை யாராவது குறுக்குவழி வைத்தியம் என்று சொன்னால் நம்பாதீர்கள். 2023-இல் வந்த சர்வதேச சர்க்கரைக் கால் வழிகாட்டுதலே, இரண்டிலிருந்து ஐந்தாவது விரல் வரை, கையால் நிமிர்த்த முடிகிற வளைந்த விரலில் புண் இருந்தால் இந்த நாண் வெட்டைச் செய்யச் சொல்கிறது.

நீங்கள் சொன்ன செருப்புக் குழியைப் படித்ததும் எனக்கு டாக்டர் பால் பிராண்ட் நினைவு வந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர், 1946-இல் எங்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் காலில் புண் தானாகவே வருகிறது என்று நினைத்த காலத்தில், உணர்ச்சி இல்லாத காலை ஊன்றி நடப்பதால்தான் வருகிறது என்று காட்டினார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை எடுத்ததும் அந்தப் புண்கள் ஆறின. இன்று சர்க்கரைக் காலுக்குப் போடும் மாவுக்கட்டும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் எல்லாக் காலுக்கும் ஊசி சரிவராது. நான் கட்டு மாற்றிய ஒரு அம்மாவுக்கு, சித்தூர் பக்கத்திலிருந்து வருவார், முன்பாதத்தில் புண். நாணை வெட்டலாம் என்று எல்லாம் தயாராக இருந்தது. கணுக்காலில் நாடித்துடிப்பு கைக்குக் கிடைக்கவில்லை. சர்ஜன் உடனே நிறுத்திவிட்டார். ரத்தம் வராத காலில் ஊசித்துளைகூட ஆறாமல் போகலாம். முதலில் ஆஞ்சியோ செய்து பலூன் வைத்து அடைப்பைத் திறந்தார்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். காய்ச்சல், சீழ், கால் சிவந்து ஏறுவது என்று இருந்தாலும் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், அதுவும் அன்றைக்கே.

இன்னொருவருக்குக் குதிகால் நாண் இறுகி, பாதத்தை மேலே தூக்கவே முடியவில்லை. பாரம் முழுக்க முன்பாதத்தில். மூன்று சின்னக் குத்து, ஒவ்வொன்றிலும் நாணில் பாதி வெட்டு, பாதத்தை மெல்ல மேலே தள்ளினால் நாண் வழுக்கி நீளும். ஆறு வாரம் காலில் கட்டுப் போட்டிருந்தார். அளவு மீறி நீட்டினால் குதிகாலில் புண் வந்துவிடும், அதனால் பழகிய கைதான் செய்ய வேண்டும்.

சத்தியவேட்டிலிருந்து, புண் பட்டவரே

அக்கா சொன்னது சரி. எனக்கு இரண்டாவது விரலுக்குப் பின்னால், பாத மேட்டில் புண். எலும்பையே மேலே ஏற்ற வேண்டும் என்றார்கள். காலின் மேல்பக்கத்தில் பொட்டு வைக்கிற அளவுக்குத் துளை. பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி சுழலும் கருவியை அதற்குள் விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே எலும்பை வெட்டினார்கள். பிளேட்டு, ஸ்குரூ எதுவும் இல்லை. தனிச் செருப்பு போட்டு உடனே நடக்கவும் சொன்னார்கள். ஊன்றும்போதுதான் எலும்பு தனக்கு வேண்டிய உயரத்தில் போய் நிற்குமாம். புண் ஆறு வாரத்தில் மூடியது, வீக்கம் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

எட்டு மாதம் கழித்து மூன்றாவது விரலுக்குக் கீழே காய்ப்பு வந்தது. பாரம் பக்கத்து எலும்புக்கு மாறியிருக்கிறது. இது நடக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான்தான் மறந்துவிட்டேன். வீட்டுக்காரி பார்த்துச் சொன்னதால் புண்ணாகும் முன்பே போய், செருப்புக்குள் அட்டையை மாற்றிக்கொண்டேன். தம்பி, நைனா இன்னும் தறியில் நிற்கிறாரா? அதுதான் எனக்குக் கவலை.

நகரியிலிருந்து, மகன்

இல்லை அண்ணா. முதலாளியிடம் பேசினேன். நைனாவுக்குத் தார் சுற்றும் வேலை கொடுத்திருக்கிறார், உட்கார்ந்தே செய்யலாம். தினமும் ராத்திரி அம்மா அவர் காலைக் கழுவித் துடைத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறார். நேற்று சுண்டு விரலில் ஒரு இழை நூல் சுற்றி, சதைக்குள் பதிந்து இறுக்கியிருந்தது. காலையிலிருந்தே இருந்திருக்க வேண்டும். நைனாவுக்குத் தெரியவே இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோல் எடுக்காமல், நகத்தாலேயே மெல்லப் பிரித்து எடுத்தார்.