வன்னிக் கடைகளுக்கு நெட்வேர்க் பாதுகாப்பு விற்பது எப்படி?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அரிசி ஆலை, பார்மசி, ஹார்ட்வெயார் கடைகளுக்கு நெட்வேர்க் வேலை செய்து கொடுக்கிறேன். கமரா பூட்டுவோம் என்றால் உடனே சரி என்கிறார்கள், ஆனால் பில் போடும் கணினியும் வருபவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் ஒன்றாக ஓடுகிறது, அதைப் பிரித்து, வெளியிலிருந்து அத்துமீறி நுழைவதைத் தடுக்கும் ஒரு பயர்வால் போடுவோம் என்றால் "எங்களிட்ட களவெடுக்க என்ன கிடக்கு தம்பி" என்கிறார்கள். கடன் கணக்கு முழுக்க இப்போது அந்தக் கணினிக்குள்தான், கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேர் வந்து பூட்டிவிட்டால் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட) 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தும் பல இடங்களில் அதுதான் ஓடுகிறது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கோ, மாதக் கட்டணமாகக் கேட்பதா, காலபோக அறுவடை முடிந்து காசு புழங்கும் நேரத்தில் மொத்தமாகக் கேட்பதா? முதலில் கணக்குகளுக்கு வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கும் பாக்கப் வசதியை மட்டும் கொடுத்துத் தொடங்குவதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கோ.