நூலக நண்பர்களே, வகைப்பாட்டில் ஒரு சிக்கல்

வணக்கம். ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவரின் நூல்கள் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு நன்கொடையாக வந்திருக்கின்றன. கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்; வகைப்பாடு, பொருளுக்கேற்ப எண் கொடுக்கும் டியூயி முறை.

பெரிய தலைவலி இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பழைய மெமாயர் (ஆய்வு நூல் தொடர்) தொகுதிகள்தான். பலவும் ஒரு வட்டாரத்தைப் பற்றிய தனி ஆய்வுகள். மொத்தத்தையும் ஒரே தொடராக இந்திய நிலவியலுக்கான 555.4இல் வைத்தால் வேலை சுலபம், ஆனால் சேலத்துப் பாறைகளைத் தேடிவரும் மாணவர் கண்ணில் படாது. தனித்தனியாகப் பதிந்து, மார்க் (MARC) என்ற பதிவு வடிவத்தின் 490, 830 புலங்களில் தொடரின் பெயரைக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். பின்னட்டைப் பையில் இருக்கும் வரைபடங்கள் வேறு மடிப்புக்கு மடிப்பு கிழிந்து கிடக்கின்றன. அவற்றை நூலோடு சேர்த்தே பதிவதா, தனியாகவா?

அப்புறம், இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்குக் கப்பல்கள் பற்றிய நூல்கள். 940.545 என்றால் கடற்போர்; இவையோ பெரும்பாலும் சரக்குக் கட்டணம், காப்பீடு என்றே பேசுகின்றன. எனக்குக் கடல்வழிப் போக்குவரத்துக்கான 387.5தான் சரியாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நகரத் திட்டமிடலைக் கலைப் பிரிவின் 711இல் போட்டுவிட்டேன். சமூகவியல் பிரிவின் 307.1216இல் வைப்பவர்கள் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

மெமாயர்களை ஏற்கெனவே பதிந்தவர்கள் ஒரு பதிவின் ஸ்கிரீன்ஷாட் போட்டால் புண்ணியமாகப் போகும்.