பஷிகாவில் ஒரு புத்தாண்டு

ஈராக்கில் யாசிதிகள் வாழும் சிஞ்சாருக்குப் போன அனுபவத்தை இங்கே எழுதியவருக்கு நன்றி. யாசிதிகள் தங்களுக்கென்று தனி மதம் கொண்ட சிறுபான்மையினர். நான் பார்த்தது பஷிகா. மொசூலுக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் பழைய யாசிதி ஊர். பக்கத்திலேயே பஹ்சானி. ஈராக்கின் குர்திஷ் பகுதித் தலைநகரான எர்பிலில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்தவர் ஏப்ரலில் வரும் அவர்களுடைய புத்தாண்டான சிவப்புப் புதனுக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். முட்டைகளுக்குச் சாயம் பூசியிருந்தார்கள், வாசலில் சிவப்புக் காட்டுப்பூக்கள்.

வீட்டில் எல்லோரும் அரபி பேசினார்கள். குர்திஷ்தான் யாசிதிகளின் மொழி என்று நினைத்திருந்த எனக்கு அது ஆச்சரியம். ஆனால் குர்திஷில் இருக்கும் சமயப் பாடல்களை வாய்வழியாகக் காத்துவரும் கவ்வால்கள் இந்த இரண்டு ஊர்க்காரர்கள்தான்! தப்பும் குழலும் வாசித்துப் பாடுவார்கள். முன்பெல்லாம் மயில் உருவம் கொண்ட வெண்கலச் சின்னத்தை எடுத்துக்கொண்டு தூரதேசத்து யாசிதி ஊர்களுக்கும் போய்வந்தார்களாம்.

2014 ஆகஸ்டில் ஐஎஸ் தீவிரவாதிகள் வந்தபோது ஊரே காலியானது. 2016 நவம்பரில் குர்திஷ் படையான பெஷ்மெர்கா மீட்டபோது, கூம்பு வடிவக் கோபுரங்கள் கொண்ட கோயில்கள் தகர்க்கப்பட்டிருந்தன, ஆலிவ் தோப்புகள் பல கருகிக் கிடந்தன. கோயில்களை மறுபடி கட்டி வெள்ளையடித்துவிட்டார்கள். ஆலிவ் மரம் அப்படி இல்லையே, காய்க்கவே வருடக்கணக்காகும்.

நண்பரின் அப்பா என்னைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போனார். இந்த வீட்டுக்காரர் ஜெர்மனியில், அந்த வீட்டில் பெரியவர் மட்டும், பிள்ளைகள் எல்லாம் ஜெர்மனியில் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிறிஸ்தவர்கள், ஷபக் என்ற சிறுபான்மை இனத்தவர்கள், மற்ற முஸ்லிம்கள் என்று எல்லோரும் சேர்ந்து வாழ்ந்த ஊர்தான் அது, யாரையும் அவர் குறை சொல்லவில்லை. அவருடைய கவலை வேறு. அப்பா, அம்மா இருவரும் யாசிதியாக இருந்தால்தான் பிள்ளை யாசிதி. வெளியிலிருந்து யாரும் மதம் மாறிச் சேர முடியாது. திருமணமும் ஷேக், பீர், முரீத் என்ற அந்தந்தப் பிரிவுக்குள்தான். அதனால் ஒரு குடும்பம் போனால் அந்த இடத்தை நிரப்ப ஆளே கிடையாது. பூட்டிய வீட்டை வெளியாருக்கு விற்கலாமா கூடாதா என்பதுதான் அன்று சாப்பாட்டில் உட்காரும் வரை நடந்த விவாதம். விற்கவே கூடாது என்றார் அவர். மகன் பதில் பேசவில்லை.

யாசிதிகள் ஈராக்குக்கு வெளியே அதிகமாக இருப்பது ஜெர்மனியில்தான். அங்கே இருக்கும் நம்மவர்கள் யாராவது பஷிகாக்காரர்களோடு பழகியிருந்தால் எழுதுங்கள். அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடல்களை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.