வீட்டுலேயே நாடக வார்ம் அப், இம்ப்ரோவ் பழக முடியுமா? சுவரு ரொம்ப மெல்லிசு

சிப்புட்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம், எஸ்பிஎம் (ஃபார்ம் ஃபைவ் பரீட்சை) முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, இப்போதைக்கு ஹார்ட்வேர் கடையில வேலை. கேஎல்ல (கோலாலம்பூர்) இருக்கிற அஸ்வாரா கலைக் கல்லூரியில நாடகம் படிக்க அப்ளை பண்ணியிருக்கேன், கூப்பிட்டா ஆடிஷன் இருக்கும். மோனோலோக், அதான் தனியா பேசி நடிக்கிற வசனம், மனப்பாடம், அதுல பயம் இல்ல. ஆனா திடீர்னு ஒரு சூழ்நிலைய குடுத்து நடிச்சு காட்ட (அதான் இம்ப்ரோவ்) சொன்னாலும் சொல்லுவாங்கன்னு ஒரு சீனியர் சொல்லிட்டாரு, அப்பயிலருந்து வயித்த கலக்குது.

இங்க நாடக கிளாஸ் எதுவும் இல்ல, கேஎல் போய் வர காசும் இல்ல லீவும் இல்ல. எங்க வீடு தோட்டத் தொழிலாளர் லயத்த இடிச்சிட்டு கட்டுன வரிசை வீடு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி மிக்சி போட்டா எங்க வீட்டு கப்பு ஆடும். யூடியூப் பாத்துட்டு ஹா ஹோ ஹூன்னு கத்துனேன், ரெண்டாவது நாளே "தம்பிக்கு சாமி வந்துருச்சா"ன்னு வேலி ஓரமா வந்து கேட்டுட்டாங்க. அப்பா ஒன்னும் சொல்லல, டிவி சவுண்ட மட்டும் ஏத்துறாரு. யூடியூப்ல வர கேம்ஸ் எல்லாம் பத்து பேரு வட்டமா நிக்கிற மாதிரி இருக்கு, வீட்டுல இருக்கிறது அம்மா, அப்பா, தாத்தா, ஃபார்ம் டூ படிக்கிற தங்கச்சி. என்ன செய்யலாம்?

மேடைப்பூனை:
தம்பி, மொதல்ல கத்துறத நிறுத்து, அது வார்ம் அப் இல்ல, தொண்டைய கிழிக்கிறது. ஒரு கிளாஸ்ல பாதி தண்ணி ஊத்தி ஸ்ட்ராவ ரெண்டு மூனு சென்டிமீட்டர் உள்ள விட்டு ம்ம்ம்னு சத்தம் குடுத்துகிட்டே ஊது, தண்ணி கொப்பளிக்கும். கீழ் சுருதியில ஆரம்பிச்சு மெதுவா மேல போய் திரும்ப கீழ வா. ஸ்ட்ரா வழியா காத்து அடைபட்டு திரும்ப அழுத்தும், அதனால குரல் நாண் ஒன்னோட ஒன்னு மோதாம சுலபமா அதிரும். ஐஞ்சு நிமிஷம் போதும், ஆன்ட்டிக்கு நீ மைலோ குடிக்கிற மாதிரிதான் கேக்கும். அப்புறம் தரையில மல்லாந்து படுத்து வயித்து மேல ஒரு புக்க வச்சுக்கோ, மூச்சு இழுக்கும்போது புக்கு ஏறனும், தோள் ஏறக்கூடாது.

நாக்குக்கு நம்ம கிட்ட இல்லாத சரக்கா. "வியாழக்கிழமை ஏழைக்கிழவன் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்தான்", மெதுவா பத்து தடவ. வேகம் முக்கியம் இல்ல, கடைசி விழுந்தான்ல ழ உசுரோட இருக்கான்னு பாரு. நம்ம ஊரு பசங்க பாதி பேரு விலுந்தான்னுதான் சொல்லுவோம், நானும் அப்படித்தான் இருந்தேன்.

பத்து பேரு இல்லன்னு கவலப்படாத. இந்த விளையாட்டுக்கெல்லாம் அடிப்படை போட்டது வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா, 1930கள் கடைசியில சிகாகோவுல குடியேறுன குடும்பத்து புள்ளைங்கள வச்சு வேலை செஞ்சப்போ, எந்த ஊரு புள்ளையா இருந்தாலும் டக்குனு புடிச்சுக்கிற மாதிரி செய்யணும்னுதான் பாடமா இல்லாம விளையாட்டா மாத்துனாங்க. அதுல கண்ணாடி விளையாட்டுக்கு ரெண்டு பேரு போதும். தங்கச்சிய எதுக்க நிக்க வை, அது செய்யுறத நீ கண்ணாடி மாதிரி செய், ரெண்டு நிமிஷம் கழிச்சு மாத்திக்குங்க. ஏமாத்துறதுக்காக வேகமா செய்யக்கூடாதுன்னு மட்டும் சொல்லி வை. கொஞ்ச நாள்ல யாரு யார பாத்து செய்யுறான்னு வெளிய இருக்கிறவங்களுக்கு தெரியாது, அங்கதான் இம்ப்ரோவ் ஆரம்பிக்குது.

கித்தாக்காடு:
எல்லாம் வெள்ளக்காரன் விளையாட்டா இருக்கே. எங்க தோட்டத்துல திருவிழாவுக்கு கோயில் முன்னாடி மேடை போட்டு நாடகம், மாசியில காமன் கூத்து, எவன் ஸ்ட்ரா ஊதுனான்? காலையில ரப்பர் பால் வெட்டிட்டு, சாயந்திரம் ரிகர்சல், அவ்வளவுதான். ஒரு தடவ திரைக்கு பின்னாடி வசனம் எடுத்து குடுக்கிறவரு தூங்கிட்டாரு, நான் ராஜா வேஷம், ஒரு வரியும் வரல. மந்திரி வேஷம் போட்டவரு எங்க தோட்டத்து கிராணி (கிளார்க்கு). "மன்னா, தாங்கள் மௌனமாக இருப்பது பக்கத்து நாட்டுக்கு பயத்தை தருகிறது"ன்னு எடுத்து விட்டாரு பாருங்க, நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசாம நின்னேன், சனம் கை தட்டுச்சு. இத எந்த புக்குல படிச்சாரு?

டீச்சரக்கா:
அண்ணே, உங்க கிராணி செஞ்சதத்தான் அந்த வெள்ளக்காரங்களும் சொல்றாங்க. நீங்க முழிச்சத அவரு தப்பா பாக்கல, கதையில சேர்த்துகிட்டாரு. "ஆமா, அதோட" அப்படின்னு ஒரு பயிற்சி. தங்கச்சி "அண்ணே வாசல்ல யானை நிக்குது"ன்னா "இல்லையே"ன்னு சொன்னா சீன் செத்துடும். "ஆமா, அம்மா அதுக்கு இன்னும் பசியாற குடுக்கலயாம்"னா ஓடும். ஆனா தம்பி, நெறைய பேரு இத தப்பா புரிஞ்சுகிட்டு எதுக்கெடுத்தாலும் தலையாட்டுவாங்க, யானை இருக்குன்னுதான் ஒத்துக்கணும், அதுமேல ஏறுன்னு சொன்னா உன் கேரக்டரு மாட்டேன்னு சண்டை போடலாம்.

நான் ஸ்கூல்ல செய்யுறது இன்னொன்னு. ரெண்டு பேரு பேசணும், முதல் வரி அ, பதில் ஆ, அப்படியே 12 உயிரெழுத்துலயும் வரிசையா ஆரம்பிக்கணும். அ ஆ இ ஈ நல்லா போகும், ஐ வந்தா எல்லாரும் ஐயய்யோ, ஔ வந்தா எல்லா புள்ளையும் ஔவையார கூப்பிடும். ஆஸ்பத்திரி சீன்லயும் ஔவையார், பாசார் மாலாம் சீன்லயும் ஔவையார்.

அப்புறம் சீட்டுக்கட்டு. கீத் ஜான்ஸ்டன்னு ஒருத்தரு, 1979ல இம்ப்ரோன்னு புக்கு எழுதுனவரு, யாரு ஒசத்தி யாரு தாழ்த்திங்கிறத உடம்புல காட்டுற பயிற்சிய பெருசா பேசுனாரு. அதையே சீட்ட வச்சு விளையாடலாம், ஆளுக்கு ஒரு சீட்டு, பெரிய நம்பர்னா ஒசத்தி, பாக்காம நெத்தியில வச்சுக்கணும், மத்தவங்க உங்கள நடத்துற விதத்துல உங்க நம்பர நீங்க கண்டுபிடிக்கணும். துரை (மேனேஜர்), கிராணி, மண்டோர் (மேஸ்திரி), வெட்டுக்காரன்னு, காலையில ஆளுங்க வரிசையா நின்னு பேரு குடுக்கிற பெரட்டு சீனா போட்டா தோட்டத்து ஆளுங்களுக்கு சொல்லியே குடுக்க வேணாம், யாரு எங்க நிப்பா, யாரு கண்ண பாத்து பேசுவான்னு ஒடம்புலயே இருக்கு.

கித்தாக்காடு:
சரி டீச்சர், அந்த பெரட்டு விஷயம் உண்மதான். தம்பி, உங்க தாத்தாவ கூப்பிட்டு உக்கார வை.

சிப்புட்_பையன்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ரெண்டு வாரம் ஆச்சு, அப்டேட். ஸ்ட்ரா நல்லா வேலை செய்யுது. தங்கச்சி கண்ணாடி விளையாட்டுல வேணும்னே மூக்க நோண்டுது, நானும் நோண்டுனேன், வேற வழி.

நேத்து கையில ஒன்னும் இல்லாம கித்தா (ரப்பர்) மரம் வெட்டுற மாதிரி செஞ்சு பாத்தேன். தாத்தா முப்பது வருஷம் வெட்டுன ஆளு, டிவி பாத்துகிட்டு இருந்தவரு "என்னடா அது, கோழியா அறுக்குற?"ன்னாரு. எந்திரிச்சு வந்து, மொதல்ல வெட்டுல காஞ்சு கெடக்குற பால உரிக்கணும், வெட்டு இடது பக்கம் ஒசந்து வலது பக்கம் எறங்கணும், பட்டைய மெல்லிசா சீவணும், ஆழமா போனா மரத்துல காயம் பட்டுரும், கைய மட்டும் ஆட்டாத மரத்த சுத்தி காலும் நகரணும்னு செஞ்சே காட்டுனாரு. எங்க ஹால்ல மரம் நின்னுச்சு அண்ணே, சத்தியமா. கடைசியா பால் புடிக்கிற மங்க (கோப்பை) தொடச்சு வச்சுட்டு அடுத்த மரத்துக்கு போனாரு பாருங்க, சோஃபாவ சுத்திகிட்டு. அப்பா டிவிய அமத்திட்டாரு.

மேடைப்பூனை:
தம்பி, ஆடிஷன்ல சூழ்நிலைய உன்னையே எடுத்துக்க சொன்னா இதையே செய். நாளைக்கும் பழகு.

சிப்புட்_பையன்:
பழகுறதா, தாத்தா ஐஞ்சு மணிக்கு அலாரம் வச்சிருக்காரு அண்ணே. வெயில் ஏறுனா பால் சரியா எறங்காதாம்.