ட்ரங்கில் எல்லா வீலேனையும் விட்டால்: ஒரு சிறுசேரி அனுபவம்

டேட்டா சென்டருக்கு ஸ்விட்ச் வாங்கும்போது எத்தனை போர்ட், என்ன வேகம் என்று பார்க்கிறோம். ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் தகவல் சுற்றிச் சுற்றி வராமல் சில போர்ட்டை அடைத்து வைக்கும் முறை) எண்ணும் விர்ச்சுவல் போர்ட் வரம்பு எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சிறுசேரியில் நாங்கள் பராமரிக்கும் ஒரு டேட்டா சென்டரில் அதுதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

கணக்கு எளிது. ட்ரங்க் என்பது பல வீலேன்களை, அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளை, ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு. அதில் எத்தனை வீலேன் ஓடுகிறதோ அத்தனை விர்ச்சுவல் போர்ட். விர்ச்சுவல் மெஷினை எந்த ஹோஸ்டுக்கும் (அதை ஓட்டும் சர்வர்) நகர்த்த வசதியாக இருக்கட்டும் என்று சர்வர் டீம் எல்லா ட்ரங்கிலும் எல்லா வீலேனையும் கேட்டு வாங்கியிருந்தார்கள். 40 ட்ரங்க், 300 வீலேன் என்றால் 12,000. வீலேனுக்கு ஒரு ஸ்பானிங் ட்ரீ ஓட்டும் ரேபிட் பிவிஎஸ்டியில் ஒவ்வொரு ட்ரங்கிலும் வீலேனுக்கு ஒன்று வீதம் 2 நொடிக்கு ஒருமுறை பிபிடியு (ஸ்விட்சுகள் தங்களுக்குள் அனுப்பும் ஸ்பானிங் ட்ரீ செய்தி) போகும். ஒரே ஸ்விட்ச் நொடிக்கு 6,000 பிபிடியு வரை அனுப்பியாக வேண்டும்.

கொடுமை என்னவென்றால், ஸ்விட்ச் எந்தக் கமாண்டையும் மறுக்கவில்லை. சாதாரண நாட்களில் நன்றாகவே ஓடியது. ஓர் இரவு அப்லிங்க் (மேல் ஸ்விட்சுக்குப் போகும்) ஃபைபர் ஒன்று போனதும், எந்தப் போர்ட்டைத் திறப்பது, எதை அடைப்பது என்ற மறுகணக்கு எல்லா வீலேனுக்கும் ஒரே நேரத்தில் தொடங்கியது. சிபியு திணறி, பிபிடியு தாமதமானது. தொடர்ந்து 3 பிபிடியு, அதாவது 6 நொடி, வராவிட்டால் பக்கத்து ஸ்விட்ச் பழைய தகவலைக் கைவிட்டுவிடும். அப்படித்தான் அடைத்து வைத்திருந்த போர்ட் திறந்து, தகவல் சுற்றிக்கொண்டே இருக்கும் லூப் உண்டானது. லாகில் ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இரண்டு போர்ட்டுக்கு இடையே தாவிக்கொண்டே இருந்தது. விடியும்வரை போன் ஓயவில்லை.

'ஷோ ஸ்பானிங்-ட்ரீ சம்மரி டோட்டல்ஸ்' போட்டால் கடைசி வரியில் மொத்த எண்ணிக்கை வரும். அதை அந்த மாடலுக்கும் அந்த மென்பொருள் பதிப்புக்கும் உரிய வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல லிங்கை ஒன்றாகக் கட்டிய போர்ட்-சேனலை ஸ்பானிங் ட்ரீ ஒரே போர்ட்டாகத்தான் எண்ணும். ஆனால் கார்டு செருகும் சில சேசிஸ் ஸ்விட்சுகளில் லைன் கார்டு (போர்ட்டுகள் உள்ள அட்டை) வரம்புக்கு ஒவ்வொரு லிங்கும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

நாங்கள் முதலில் செய்தது, ஒவ்வொரு கிளஸ்டருக்கும் (சேர்ந்து இயங்கும் சர்வர் குழு) தேவையான வீலேனை மட்டும் ட்ரங்கில் விட்டது. சர்வர் டீமோடு உட்கார்ந்து பட்டியல் போடுவதுதான் பெரிய வேலை. ஆனாலும் என்னைக் கேட்டால் அதுதான் சரியான மருந்து. இந்த வேலையில் 'அலவ்டு வீலேன்' கமாண்டுக்குப் பின்னால் 'ஆட்' போடாமல் எண்ணைக் கொடுத்தால் பழைய பட்டியல் முழுவதும் போய்விடும். நெட்வொர்க்கின் மையமான கோர் பக்கம் போகும் ட்ரங்கில் கை வைக்கும்போது கவனம்.

அப்புறம் எம்எஸ்டிக்கு, அதாவது பல வீலேனைச் சேர்த்து ஒரே ஸ்பானிங் ட்ரீயில் (இதுதான் இன்ஸ்டன்ஸ்) ஓட்டும் முறைக்கு, மாறினோம். போர்ட்டுக்கு ஒரே பிபிடியுதான், எல்லா இன்ஸ்டன்ஸ் விவரமும் அதிலேயே போய்விடும். ரீஜன் (ஒரே எம்எஸ்டி அமைப்பில் ஓடும் ஸ்விட்ச் குழு) பெயர், ரிவிஷன் எண், எந்த வீலேன் எந்த இன்ஸ்டன்ஸில் என்ற வீலேன் பங்கீடு மூன்றும் எல்லா ஸ்விட்சிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பங்கீட்டைப் பின்னால் மாற்றினால் மறுபடி மறுகணக்கு வரும். அதனால் 1 முதல் 4094 வரை எல்லா வீலேனையும், இன்னும் உருவாக்காதவற்றையும் சேர்த்து, முதல் நாளே இன்ஸ்டன்ஸ்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.