தஞ்சாவூர்க் கிட்டியில் எலி விழவில்லை. இரை மட்டும் காணாமல் போகிறது

கேள்வி: மன்னை வயல்காரர்

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. சம்பாவுக்கு நட்ட சி.ஆர். 1009 நெல் இப்போது தூர் கட்டி முடித்துத் தண்டு உருளும் (கதிர் வெளிவருவதற்கு முந்தைய) நிலையில் நிற்கிறது. வரப்போரப் பயிர் நன்றாகவே இருக்க, வயலின் நடுவில் திட்டுத்திட்டாகத் தண்டுகள் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடப்பதால் இது நண்டின் வேலை அன்று, எலியின் வேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சென்ற மாதம் அரிசிப் பொரியில் ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்தைக் கலந்து வைத்தோம். முதல் இரவில் சில எலிகள் செத்தன; அதன்பின் அந்தப் பொரியை எதுவும் தொடவில்லை. வாத்து மேய்ப்பவர்கள் வந்துபோகும் இடம் என்பதால் மீண்டும் மருந்து வைக்க மனம் இல்லை. எங்கள் பகுதியில் கிட்டி (எலி பிடிக்கும் மூங்கில் வில் பொறி) வைத்துக்கொண்டிருந்த பெரியவர் உடல்நிலை காரணமாக இப்போது வருவதில்லை. ஆகவே அவரிடம் இருந்த பழைய கிட்டி ஒன்றைப் பார்த்து நானே ஒரு டஜன் கட்டினேன். பச்சை மூங்கிலைப் பிளந்து வில்லாக வளைத்து, சணல் கயிற்றால் சுருக்குப் போட்டு, இரையை இழுத்தால் விடுபடும்படி ஒரு சிறு குச்சியால் நிறுத்தியிருக்கிறேன். அரிசிப் பொரிதான் இரை.

சில கிட்டிகளில் இரை காணாமல் போயிருக்கிறது, கிட்டியோ வைத்தது வைத்தபடியே நிற்கிறது. வேறு சிலவற்றில் வில் நிமிர்ந்திருக்கிறது, சுருக்கு வெறுமையாக இருக்கிறது. இது தவிர, வில்லின் விசையும் நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. நான் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: கோரையாற்றுக்காரர்

தம்பி, கிட்டியைத் திருத்துவதற்கு முன்னால் இரையைத் திருத்துங்கள். பொரியில் வைத்த மருந்தைத் தின்று சாகாமல் பிழைத்த எலி, தனக்கு நேர்ந்த நோவை அந்தப் பொரியோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். ஜிங்க் பாஸ்பைடு வைத்த வயல்களில் இது எல்லோரும் அறிந்த சங்கதி. எனவே உங்கள் கிட்டியைத் தேடி வருவது பெரிய எலியாக இருக்க வாய்ப்பு குறைவு. பொரியைத் தூக்கிச் செல்வது வயல் சுண்டெலியாகத்தான் இருக்கும். அதன் எடைக்கு உங்கள் குச்சி அசையக்கூட அசையாது. நெல்லை மணம் வரும்வரை வறுத்தோ, கருவாட்டுத் துண்டையோ, தேங்காய்ச் சில்லையோ வையுங்கள். எதை வைத்தாலும் கவ்வி எடுத்துக்கொண்டு போக முடியாதபடி, இழுத்தே ஆக வேண்டிய விதத்தில், நூலால் இறுகக் கட்டி வையுங்கள்.

அடுத்தது இடம். வரப்பில் கண்ட இடத்தில் நட்டால் எலி விழாது. மாலையில் வரப்பைச் சுற்றி வந்து, கண்ணில் படும் வளை வாய்களை எல்லாம் சேற்றால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவையே குடியிருப்பு உள்ள வளைகள், மற்றவற்றை மறந்துவிடலாம். திறந்த வளையிலிருந்து பயிருக்குள் இறங்கும் தடத்தை உற்றுப் பார்த்தால், தினமும் நடந்து நடந்து புல் படிந்து, சேறு வழுவழுப்பாகி இருப்பது தெரியும். கிட்டி நிற்க வேண்டியது அந்தத் தடத்தில்தான். மழை நீர் வயலில் தேங்கும் கார்த்திகையில் எலிகள் மேடு தேடி வரப்பில் ஒதுங்குவதால், இப்போது உங்களுக்கு இது எளிதாகவே இருக்கும். வரப்பு அகலமாக இருந்தால் கோடையில் வெட்டிக் குறுக்கிவிடுங்கள். பெருத்த வரப்பு எலிக்கு நாமே கட்டிக் கொடுக்கும் வீடு.

பன்னிரண்டு கிட்டி இரண்டு ஏக்கருக்குப் போதவே போதாது. ஏக்கருக்கு 25-க்குக் குறையாமல், எல்லாவற்றையும் ஒரே மாலையில் வைக்க வேண்டும்.

பதில் 2: மூங்கில் பட்டறை

ஐயா இரையையும் இடத்தையும் சொல்லிவிட்டதால் நான் வில்லோடு நின்றுகொள்கிறேன். பச்சை மூங்கில் வளைத்த வடிவிலேயே காய்ந்துவிடும். விசை குறைவதற்கு அதுதான் காரணம். முற்றிய மூங்கிலை வெட்டி நிழலில் உலர்த்தி, பிறகு பிளாச்சு (பிளந்த பட்டை) எடுங்கள். வழுவழுப்பான புறத்தோல் வளைவின் வெளிப்பக்கம் வரும்படி வளைக்க வேண்டும். உட்பக்கம் வைத்தால் சீக்கிரம் நார் நாராகப் பிரியும். கணு வருகிற இடத்தை வளைவின் நடுவில் விடாதீர்கள். பகலில் கிட்டியை எடுத்துவந்ததும் நாணைத் தளர்த்தி வைப்பது கட்டாயம். இருபத்துநான்கு மணி நேரமும் வளைந்து நிற்கிற எந்த மூங்கிலும் தொய்ந்துவிடும்.

வில் நிமிர்ந்தும் சுருக்கு வெறுமையாக இருப்பதற்குச் சணல்தான் காரணம் என்று நினைக்கிறேன். பனியில் நனைந்த சணல் உப்பிக்கொண்டு, முடிச்சின் வழியே ஓடாமல் சிக்கி நிற்கும். அது ஓடி முடிப்பதற்குள் எலி தலையை எடுத்துவிடும். தூண்டிலுக்குக் கட்டும் தடித்த நைலான் நரம்பைப் பயன்படுத்துங்கள். சுருக்கின் வட்டம் மூன்று விரல் சேர்ந்து நுழையும் அளவு போதும். அதைவிடப் பெரிதானால் எலி உடலோடு உள்ளே போய் இடுப்பில் மாட்டும். மாட்டினால் உடனே சாகாது, கடித்து அறுத்துக்கொண்டு ஓடும், அல்லது விடியும்வரை துடிக்கும். கழுத்தில் விழுந்தால் நொடியில் முடியும். கொல்வதென்று ஆனபின் அந்த அளவுக்காவது ஒழுங்கு வேண்டும் என்பது என் எண்ணம்.

குச்சி நிற்கும் வெட்டைக் கத்தி முனையால் வழித்து மழமழப்பாக்கிவிடுங்கள். பிசிறு இருந்தால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மன்னை வயல்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. பொரியின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மைத்துனருக்குச் சத்தியமங்கலம் பக்கம் காட்டோரத்தில் நிலக்கடலை இருக்கிறது. அங்கே முயல் வந்து இளஞ்செடியைக் கடிக்கிறது. இதே கிட்டியைச் சற்றுப் பெரிதாகக் கட்டியோ, கம்பிச் சுருக்கு வைத்தோ முயலைப் பிடிக்கலாமா என்று கேட்கிறார்.

பதில் 3: பவானிக் கரை

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 முயலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல் சுருக்கு வைப்பதையும், பொறி வைப்பதையும், அவற்றுக்கான முயற்சியையும் சேர்த்தே குறிக்கிறது. முயல் விழாவிட்டாலும் கம்பி கட்டியதே குற்றமாகும். நிலம் சொந்தப் பட்டா என்பதால் விலக்குக் கிடைக்காது. எலியின் கதை வேறு: பழைய ஐந்தாம் அட்டவணையில் அது தீங்குயிராக இருந்தது, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த அட்டவணை நீக்கப்பட்ட பின்னும் வயல் எலிகள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேரவில்லை.

சட்டத்தை விடுங்கள், காட்டோரத்தில் பிரேக் கம்பியால் சுருக்கு வைப்பவனுக்கு அதில் எது வந்து மாட்டும் என்பது தெரியாது. முயலுக்கும் பன்றிக்கும் வைத்த கம்பியில் சிறுத்தைகள் மாட்டிச் செத்திருக்கின்றன. மைத்துனரிடம் நிலத்தைச் சுற்றி இரண்டு முழ உயரத்துக்குச் சிறுகண் வலை கட்டி, அடிப்பகுதியை மண்ணில் புதைத்துவிடச் சொல்லுங்கள். முயலுக்கு அது போதும்.

பதில் 4: கோரையாற்றுக்காரர்

இன்னும் இரண்டு செய்திகள் விட்டுப்போயின. தண்டு உருளும் பருவத்துக்குள் கிட்டியை வைத்து முடித்துவிடுங்கள். பால் பிடித்த பிறகு வயல் முழுக்கத் தீனி இருக்கும்போது உங்கள் கருவாட்டை எலி ஏன் தேட வேண்டும்? ஒரு பெண் எலி மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளிலேயே ஈன்றுவிடும் என்பதால், இப்போது ஒன்றை விட்டால் அறுப்பு நேரத்தில் ஒரு கூட்டத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். பக்கத்து வயல்காரர்களையும் அதே இரவில் வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் உங்கள் வளை காலியானதும் அவர்கள் எலி அங்கே குடிவரும்.

செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். காலில் சேற்றுப்புண் இருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரே எலிக்காய்ச்சலுக்கு வழி. கிட்டிகளை விடியும் முன்பே எண்ணிச் சரிபார்த்து எடுத்துவிடுங்கள், ஏனெனில் வெளிச்சம் வந்ததும் வரப்பில் கீரியும் வாத்தும் நடமாடத் தொடங்கிவிடும்.